இணைகரமும் கூப்பிய கையும்: ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கணிதச் சொற்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தை அடுத்த ஒரு சிற்றூரில், மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஏழாம் வகுப்பில் படித்த ஒரு மாணவியுடன் ஜூலை முதல் நவம்பர் வரை, வாரத்துக்கு மூன்று மாலைகள் உட்கார்ந்து செய்த வேலையின் பதிவு இது. அவளுடைய பெயரையும் பள்ளியின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். "கணக்கு வராத பிள்ளை" என்று பலரும் சொல்லி என்னிடம் வந்தவள் அவள். அவளுக்கு வராதது எது என்று கண்டுபிடிக்கவே எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

பின்னணி

அவளுடைய தந்தை கொத்தனார். எங்கள் பகுதியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்காகக் குடும்பத்தோடு போய்ப் பல ஆண்டுகள் தங்குவது இங்கே வழக்கமான ஒன்று. அவளும் அப்படிப் போனவள்தான். ஐந்தாம் வகுப்பு வரை அங்கே கன்னட வழியில் படித்தாள். பாட்டியின் உடல்நிலை காரணமாகக் குடும்பம் ஊருக்குத் திரும்பியதும், ஆறாம் வகுப்பில் தமிழ்வழிப் பள்ளியில் சேர்க்கப்பட்டாள். வீட்டில் பேசுவது தமிழ் என்பதால் அவளுக்கு மொழிச் சிக்கல் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் தமிழ் எழுத்தைப் பார்த்துப் படிக்க அவள் கற்றது பதினோராவது வயதில்தான்.

மாம்பழப் பருவத்தில் மாங்கூழ் ஆலைக்குக் கூலிக்குப் போகும் அவளுடைய தாய், முதல் நாள் என்னிடம் சொன்னது இது: "நல்லாத்தான் கூட்டுறா, பெருக்குறா டீச்சர். கடைக்குப் போனா பத்துப் பைசா ஏமாற மாட்டா. புஸ்தகத்தைத் தொறந்தா மட்டும் வாய் தொறக்க மாட்டேங்குறா."

ஏழாம் வகுப்பின் முதல் பருவப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் தாயின் சொல்லில் இருந்த நியாயம் விளங்கும். முழுக்கள், இணைகரம், சாய்சதுரம், சரிவகம், மாறி, மாறிலி, உறுப்பு, கெழு, குறுக்குவெட்டி, ஒத்த கோணங்கள், ஒன்றுவிட்ட உட்கோணங்கள் என்று சொற்கள் ஒரே பருவத்துக்குள் கூட்டமாக வந்து நிற்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவற்றை ஒரு பிள்ளை பள்ளிக்கு வெளியே இந்தப் பொருளில் ஒருமுறைகூடக் கேட்டிருக்காது.

முதல் மாலைகள்

ஒரு கணக்கில் பிள்ளை எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று அறிய, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆன் நியூமன் 1977இல் முன்வைத்த ஒரு முறையை நான் பல ஆண்டுகளாகக் கையாள்கிறேன். வினாவைப் படிப்பது, பொருள் புரிவது, அதைக் கணக்காக மாற்றுவது, கணக்கிடுவது, விடையை உரிய வடிவில் எழுதுவது என்று ஐந்து படிகள். ஒவ்வொரு படிக்கும் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்; இடையில் உதவக் கூடாது. உதவாமல் இருப்பதுதான் இதில் கடினமான பகுதி.

அவளுக்குக் கொடுத்த வினா: "ஓர் இணைகரத்தின் அடிப்பக்கம் 12 செ.மீ, உயரம் 7 செ.மீ எனில், அதன் பரப்பளவைக் காண்க." எழுத்துக் கூட்டி, சற்றுத் தயங்கினாலும் பிழையின்றிப் படித்தாள். "இணைகரம்னா என்ன பாப்பா?" என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துக் காட்டினாள். "கையக் கும்புடுறதா டீச்சர்?"

அந்த விடையைத் தவறு என்று தள்ளிவிட்டு வரையறையைச் சொல்லிக் கொடுக்க வாய் வரை வந்தது. ஆனால் அவள் செய்தது என்ன என்று எண்ணிப் பார்த்தால், தெரியாத சொல்லை இணை, கரம் என்று சரியாகவே பிரித்திருந்தாள். கரம் என்றால் கை என்பதும் சரி. உருவங்களின் பெயரில் பக்கத்தைக் கையாக நினைத்துப் பார்ப்பதும் அவளுக்குப் புதிதன்று. கன்னடத்தில் முக்கோணத்துக்குத் திரிபுஜ என்று பெயர். புஜம் என்றால் தோள், கை. "திரிபுஜத்துக்கு எத்தன கை?" என்று கேட்டதும் அவள் முகம் மாறியது. "மூணு!" நாற்கரத்துக்கு நான்கு. இணைகரத்தில் எதிரெதிரே உள்ள கைகள் இணையாக ஓடுகின்றன. அவளே தாளில் வரைந்தாள். வரைந்த மறு நொடியில் 12ஐ 7ஆல் பெருக்கி 84 என்று எழுதிவிட்டாள். சதுர செ.மீ என்பதையும் விடவில்லை.

ஐந்து படிகளில் நான்கு அவளிடம் உறுதியாக இருந்தன. இரண்டாவது படியில், ஒரே ஒரு சொல்லில், அவள் நின்றிருந்தாள். ஆறாம் வகுப்பு முழுவதும் இப்படித்தான் நின்றிருப்பாள் என்று நினைத்தபோது எனக்கு மிகுந்த வருத்தம் ஏற்பட்டது. ஏனென்றால் அந்த ஓராண்டில் அவளுக்குக் கிடைத்த உதவி பெரும்பாலும் வாய்ப்பாடும் கூடுதல் கணக்குகளும்தான். தெரிந்ததையே அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறோம்.

சொல் ஏடு

ஒரு கோடு போடாத நோட்டு வாங்கினோம். பக்கத்துக்கு ஒரு சொல். சொல்லைப் பிரித்து எழுத வேண்டும். அதை அல்லது அதன் பகுதியைப் பள்ளிக்கு வெளியே எங்கே கேட்டாள் என்று எழுத வேண்டும். படம் வரைய வேண்டும். கடைசியாக, பார்ப்பதற்கு அதுபோலவே இருந்தும் அது ஆகாத ஒன்றை வரைந்து "இது அன்று" என்று குறிக்க வேண்டும். இந்தக் கடைசிப் பகுதிக்கு நான் அதிக மதிப்பளிக்கிறேன். வரையறையை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளைகூட, "இது அன்று" என்ற இடத்தில் என்ன வரைவது என்று தெரியாமல் திகைத்தால், சொல் இன்னும் அதன் கைக்கு வரவில்லை என்பது தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் முதலில் பென்சிலால் எழுதுவது. மூன்று வெவ்வேறு கணக்குகளில் அந்தச் சொல்லை அவளே சரியாகப் பயன்படுத்திய பிறகு பேனாவால் எழுதுவது என்று ஒரு விதி வைத்துக்கொண்டோம்.

சில வாரங்களிலேயே எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. முற்றிலும் புதிய சொற்கள் அவளுக்குத் தொல்லை தரவில்லை. கெழு என்ற சொல்லை அவள் முன்பு கேட்டதே இல்லை. கெழுமுதல் என்றால் நெருங்கிச் சேர்தல், மாறியோடு, அதாவது ஓர் எண்ணுக்குப் பதிலாக நிற்கும் எழுத்தோடு, ஒட்டி நிற்கும் எண் கெழு என்று சொன்னதும் ஒரே வாரத்தில் பேனாவுக்கு வந்துவிட்டது. தொல்லை தந்தவை, அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள். எண்களும் மாறிகளும் சேர்ந்த தொடருக்குக் கணக்கில் கோவை என்று பெயர்; அவளுக்குக் கோவை என்றால் ஊர். அந்தக் கோவையின் ஒவ்வொரு பகுதியும் உறுப்பு; அவளுக்கு உறுப்பு என்றால் கை, கால், கண். கதிர் என்று கேட்டதும் கேழ்வரகுக் கதிரை அழகாக வரைந்து, தலை கனத்து வளைந்திருப்பதையும் காட்டினாள். ஒரு புள்ளியில் தொடங்கி ஒரே திசையில் நேராக முடிவின்றிச் செல்வது கதிர் என்பதற்கு வெயிலின் கதிரைத்தான் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. கேழ்வரகு "இது அன்று" என்ற இடத்துக்குப் போயிற்று.

சாய்சதுரம்

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அட்டையில் ஒரு சதுரம் வெட்டி, அதன் ஒரு மூலை கீழே வருமாறு திருப்பி வைத்து, இது என்ன என்று கேட்டேன். "சாய்சதுரம்" என்றாள், தயக்கமே இல்லாமல். சாய்ந்திருக்கும் சதுரம், பெயரே அப்படித்தானே சொல்கிறது!

பிள்ளைகள் வடிவங்களை முதலில் மொத்தத் தோற்றத்தால்தான் அடையாளம் காண்கிறார்கள், பக்கம், கோணம் ஆகிய பண்புகளால் அடையாளம் காண்பது அதற்கு அடுத்த நிலை என்று 1957இல் நெதர்லாந்தைச் சேர்ந்த வான் ஹீல தம்பதியர் விளக்கினார்கள். திருப்பி வைத்த சதுரத்தைச் சதுரமாகக் காணாத பிள்ளை எல்லா நாட்டிலும் உண்டு. தமிழில் இதற்கு மேல் ஒரு சுமை இருக்கிறது: சொல்லே பிள்ளையைத் தோற்றத்தின் பக்கம் இழுக்கிறது. அட்டையை மெதுவாகச் சுற்றி, "இப்ப என்ன? இப்ப? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் அவளே அட்டையைப் பிடுங்கி, மூலைமட்டத்தை மூலையில் வைத்துப் பார்த்து, "எப்படி வெச்சாலும் மூல மாறலயே டீச்சர்" என்றாள். பிறகு நான்கு ஐஸ் குச்சிகளைக் குண்டூசியால் மூலையில் கோத்து, அதைச் சதுரமாக நிறுத்திப் பக்கவாட்டில் அழுத்தினோம். குச்சிகளின் நீளம் மாறவில்லை. மூலைகள் மட்டும் மாறின. சாய்ந்தவை கோணங்கள் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

அவளுடைய முதல் விடையை முழுத் தவறு என்றும் சொல்ல முடியாது. நான்கு பக்கங்களும் சமமாக உள்ள நாற்கரம் சாய்சதுரம் என்றால், சதுரமும் ஒரு சாய்சதுரமே. அவள் விடை சரியாக இருந்தது, காரணம் தவறாக இருந்தது. இதை அவளிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொன்னேன். குழம்புவாள் என்று அஞ்சியது வீண்.

தந்தையின் பை

பிள்ளையின் ஜாமெட்ரி பெட்டியில் உள்ள மூலைமட்டங்களைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தபோது, தந்தை தம் வேலைப் பையிலிருந்து இரும்பு மூலைமட்டத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். மறுநாள் அவள் ஓடி வந்து சொன்ன செய்தி அதுதான். நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வேலை செய்த இடத்துக்கே அவளுடன் போனேன்.

புது வீட்டுக்கு அஸ்திவாரம் குறித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஒரு முளை. அதிலிருந்து இரண்டு பக்கமும் நூல். ஒரு நூலில் 3 அடியிலும் மற்றொன்றில் 4 அடியிலும் சாக்பீஸால் குறியிட்டு, இரண்டு குறிகளுக்கும் இடையே டேப்பைப் பிடித்தார். 5 அடிக்குச் சற்றுக் கூடுதலாக வந்தது. ஒரு முளையைப் பிடுங்கி விரலளவு தள்ளி அடித்தார். மீண்டும் டேப் பிடித்தார். 5 அடி சரியாக நின்றது. "மூல மட்டமாயிடுச்சு" என்றார். அவள் மெல்ல என் காதருகே, "செங்கோணம்" என்றாள். இதற்குரிய தேற்றம் எட்டாம் வகுப்பில்தான் வருகிறது என்பதால் நான் ஒன்றும் விளக்கவில்லை. 3, 4, 5 என்ற எண்களை மட்டும் ஏட்டில் எழுதிக்கொண்டாள்.

அன்று எனக்கு வேண்டியிருந்தது உயரம் என்ற சொல். அதற்கு முந்தைய வாரம், அடிப்பக்கம் 12 செ.மீ, சாய்ந்த பக்கம் 8 செ.மீ, உயரம் 7 செ.மீ என்று மூன்று அளவுகள் குறித்த ஓர் இணைகரத்தைக் கொடுத்தபோது, 12ஐ 8ஆல் பெருக்கியிருந்தாள். சாய்வாக மேலே போகும் கோடும் உயரம்தானே என்பது அவள் எண்ணம். வேலையிடத்தில் தந்தையிடம் கேட்டேன், சுவர் சாய்ந்திருந்தால் அதன் உயரத்தை எப்படி அளப்பீர்கள் என்று. அவர் தூக்குக்குண்டை எடுத்து, ஒரு சாய்ந்த பலகையின் உச்சியிலிருந்து தொங்கவிட்டார். "பலக எப்படி வேணா சாயட்டும் டீச்சரம்மா, தூக்கு நேரா எறங்கும். நூலத்தான் அளக்கணும்." அவள் உட்கார்ந்து அந்த நூலையும் பலகையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு முக்கோணமோ சரிவகமோ எது வந்தாலும், முதலில் உச்சியிலிருந்து ஒரு புள்ளிக்கோட்டை இறக்கி, அடியில் சிறிய குண்டு ஒன்றை வரைந்துவிடுவாள். தேர்வுத் தாளிலும் அந்தக் குண்டு இருந்தது.

வட்டத்தின் சொற்கள்

இரண்டாம் பருவத்தில் வட்டம் வந்தது. அவள் பெங்களூருவில் படித்த சொற்கள் திரிஜ்ய, வியாச, பரிதி. கடைசிச் சொல் தமிழிலும் அதே பொருளில் இருப்பதைக் கண்டு துள்ளினாள். சுற்றளவைச் சுத்தளதெ என்று படித்திருந்தாள்; அதுவும் எளிதாகப் பொருந்தியது. பரப்பளவுக்குக் கன்னடத்தில் விஸ்தீர்ண என்று சொன்னபோது, அருகில் இருந்த பாட்டி, "பத்திரத்துல விஸ்தீரணம்னு போடுவாங்களே, அதுவா?" என்று கேட்டார். அதுவேதான். இரண்டு மொழியில் படித்தது சுமை என்றே அந்தக் குடும்பம் நினைத்திருந்தது. அன்று அந்த எண்ணம் சற்று அசைந்தது.

ஆரம் என்பதற்கு வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் துணை செய்தது. விட்டத்தில்தான் சறுக்கினோம். அவள் பாட்டி வீடு ஓட்டு வீடு. சுவருக்குச் சுவர் குறுக்கே போகும் மர விட்டத்தைக் காட்டி, இதுபோல வட்டத்தின் குறுக்கே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவது விட்டம் என்று சொன்னேன். அவள் வட்டத்தில் மூன்று கோடுகள் வரைந்து மூன்றையும் விட்டம் என்று குறித்தாள். ஒன்றுகூட மையத்தின் வழியே போகவில்லை. வீட்டில் இரண்டு மூன்று விட்டங்கள் உண்டு. எங்கே போட்டாலும் விட்டம்தான். என் உவமை ஒரு பாதியைக் கொடுத்து மறு பாதியைக் கெடுத்துவிட்டது. வளையலை வைத்து வட்டம் வரைந்து, குறுக்கே பல நாண்களை, அதாவது வட்டத்தின் மேல் உள்ள இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோடுகளை, போட்டு ஒவ்வொன்றையும் அளந்து, எது நீளமானது என்று தேடச் சொன்னேன். மையத்தை நெருங்க நெருங்க நாண் நீண்டது. மையத்தின் வழியே போகும் நாண்தான் எல்லாவற்றிலும் பெரியது, அதற்கே விட்டம் என்று பெயர் என்பதை அவளே அளந்து அறிந்தாள்.

இயற்கணிதத்தில் என் பிழை

ஒரே மாறியைக் கொண்ட ஒத்த உறுப்புகளைக் கற்பிக்கும்போது நான் செய்த தவறு இதைவிடப் பெரியது. மாம்பழத்துக்கு 'ம', வாழைப்பழத்துக்கு 'வ' என்று வைத்துக்கொள், 3ம + 2வ என்பதைக் கூட்ட முடியாது, ஏனென்றால் மாம்பழமும் வாழைப்பழமும் வேறு வேறு என்று சொன்னேன். அவளுக்கு உடனே புரிந்தது, எனக்கும் மகிழ்ச்சி. 3ம + 5ம = 8ம என்று தடையின்றிப் போட்டாள். அடுத்த வாரம், "ம = 4 எனில் 3ம + 2 இன் மதிப்பு என்ன?" என்று கேட்டபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு மாம்பழம் எப்படி டீச்சர் நாலு ஆகும்?"

1970களில் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில் டீட்மார் கூகமன் இந்தப் பிழையைத் தனியாக வகைப்படுத்தியிருக்கிறார்: எழுத்தை எண்ணாகக் கொள்ளாமல் பொருளாகக் கொள்வது. நான் அதைப் படித்திருந்தும், எளிதாக்கும் ஆசையில் அந்தப் பிழையை நானே அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். மாறி என்பது மாம்பழத்தின் சுருக்கெழுத்து என்றே அவள் இரண்டு வாரம் நம்பியிருந்தாள்.

திருத்துவதற்கு மாம்பழத்தையே மீண்டும் எடுத்துக்கொண்டோம், ஆனால் வேறு விதமாக. அம்மா வேலை செய்யும் இடத்தில் பழங்களைக் கிரேட்டில் அடுக்குகிறார்கள். ஒரு கிரேட்டில் எத்தனை கிலோ இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. எல்லாக் கிரேட்டிலும் ஒரே எடை. அந்தத் தெரியாத எண்ணுக்கு 'ம' என்று பெயர். மூன்று கிரேட்டும் தனியாக 5 கிலோவும் சேர்ந்து 65 கிலோ என்றால், 3ம + 5 = 65. தனியாக இருக்கும் 5ஐ இரண்டு பக்கத்திலும் எடுத்துவிட்டால் மூன்று கிரேட் 60 கிலோ. ஒரு கிரேட் 20 கிலோ. "ம" நாளைக்கு 18 ஆகலாம், மறுநாள் 22 ஆகலாம். அதனால்தான் அது மாறி. கூடவே உள்ள 5 மாறாதது. அது மாறிலி, மாறுதல் இல்லாதது. ஏட்டில் அவள் எழுதிய வாக்கியத்தை அப்படியே தருகிறேன்: "ம என்பது மாம்பழம் அல்ல. ம என்பது எத்தனை கிலோ."

மற்றவை

நிரப்புக் கோணங்களையும் மிகை நிரப்புக் கோணங்களையும் மாற்றி மாற்றிச் சொல்வது சில நாளில் நின்றது. செங்கோணம் நிரம்ப 40 பாகைக்கு இன்னும் 50 வேண்டும். மிகை என்றால் அதைவிடக் கூடுதலாக, நேர்க்கோணம் நிரம்ப 140 வேண்டும். பகு எண், பகா எண் இரண்டையும் அவள் ஒன்றாகவே படித்து வந்தாள். ஓர் எழுத்து வேறுபாட்டில் பொருள் எதிராகிவிடுகிறது. தீராக் கணக்கு, வாடாப் பூ என்று சொல்லிக்காட்டிய பிறகு பகா என்பதில் உள்ள "இல்லை" அவள் காதில் விழுந்தது. எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரு சோடி மட்டும் இணையாக உள்ள சரிவகத்துக்கு எங்கள் ஊர் ஏரிக்கரையின் குறுக்குவெட்டு போதுமாயிருந்தது.

முழுக்கள்

நவம்பர் இறுதியில் ஏட்டில் பெரும்பாலான பக்கங்கள் பேனாவுக்கு வந்துவிட்டன. தெரியாத சொல் வந்தால் வாய் மூடிக்கொள்ளும் பழக்கம் குறைந்து, "இது எங்க பிரியும் டீச்சர்?" என்று கேட்கத் தொடங்கியிருந்தாள். வகுப்பிலும் அதே கேள்வியைக் கேட்டதாக அவளுடைய தோழி சொன்னாள்.

ஒரு பக்கம் மட்டும் பிடிகொடுக்கவில்லை. 0, 1, 2, 3 என்று போவன முழு எண்கள். அவற்றோடு −1, −2, −3 ஆகியவையும் சேர்ந்தால் முழுக்கள். குறை எண் அவளுக்குத் தெரியும். தரைமட்டத்தைப் பூச்சியமாக வைத்து, அஸ்திவாரத்தின் அடி −4, ஜன்னலின் அடி +3 என்று தந்தையின் கணக்கைக்கொண்டே சொல்வாள். இரண்டுக்கும் இடையே 7 அடி என்பதையும் சொல்வாள். ஆனால் −4 முழு எண்ணா என்று கேட்டால் இன்றும் ஆம் என்கிறாள். பாதியாகாமல் முழுதாகத்தானே இருக்கிறது என்பது அவள் வாதம். அவள் மீது எனக்குக் குறை இல்லை. இவ்வளவு நெருங்கிய இரண்டு பெயர்களை இரண்டு வேறு தொகுதிகளுக்கு இட்டது நல்ல தேர்வன்று என்பது என் உறுதியான கருத்து. பிரித்தால் இரண்டிலும் முழு என்பதே நிற்கிறது. எங்கே கேட்டாய் என்றால், "எங்கேயும் கேட்டதில்ல டீச்சர்" என்கிறாள். "இது அன்று" என்ற இடத்தில் இரண்டரை என்று எழுதியிருக்கிறாள். அது இரண்டு சொல்லுக்கும் பொருந்தும் என்பதால் எதையும் பிரித்துக் காட்டவில்லை. அந்தப் பக்கம் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.